விழாத பிள்ளை நம் கண்ணில் படுவதில்லை: ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கும், ஆசிரியர் பயிற்சிக்கான பாடத்திட்டத்தை வகுக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கும் வணக்கம்.

இருபத்தேழு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை எழுதும் மடல் இது. வலிப்பு நோயுள்ள பிள்ளைகளை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம், எப்படி நடத்துகிறோம் என்பதைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். யார்மீதும் குற்றம் சாட்டுவது என் நோக்கமில்லை. சாட்டுவதென்றால் என்னிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

பணியில் சேர்ந்த எட்டாம் ஆண்டில் என் வகுப்பில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வாசிப்பில் தடுமாற்றம் கிடையாது. ஆனால் சொல்வதை எழுதச் சொன்னால், ஏதோ ஒரு வாக்கியத்தின் நடுவில் மூன்று நான்கு சொற்கள் காணாமல் போயிருக்கும். கடினமான சொற்களாக இருந்தால் காரணம் புரிந்திருக்கும்; விட்டுப்போனவையோ ‘வந்தான்’, ‘மரத்தின்’, ‘அதனால்’ போன்ற எளிய சொற்கள். சில இடங்களில் பென்சில் தாளின்மேல் சறுக்கிக்கொண்டு போனதுபோல மெல்லிய கோடு ஒன்று இருக்கும். அதற்கு அப்பால் எழுத்து மறுபடியும் ஒழுங்காகத் தொடங்கும். அந்த இடைவெளிகளையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, தேதி போட்டு, ஓரத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினேன். மூன்றாம் மாதத்தில் அது ‘எப்போதும் கனவுலகம்’ என்று வளர்ந்தது. ஒரு நாள் பொறுமையிழந்து, பாடவேளை முடியும்வரை அவளை நிற்க வைத்தேன். நின்றுகொண்டிருந்தபோதும் இரண்டு முறை அவள் அப்படியே உறைந்து போனாள். அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவளுடைய தாய் அந்த ஏட்டை ஒரு மருத்துவரிடம் கொண்டுபோயிருக்கிறார். மருத்துவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சிறுமியை மூன்று நிமிடம் விடாமல் ஆழ்ந்து மூச்சிழுத்து விடச் சொன்னாராம். இரண்டாவது நிமிடத்தில் அவள் சட்டென்று நிறுத்தினாள். கண்கள் நிலைகுத்தின, இமைகள் படபடத்தன. பத்து நொடி கழித்து, எதுவும் நடவாததுபோல் மறுபடியும் மூச்சை இழுக்கத் தொடங்கினாள். பின்னர் எடுத்த இ.இ.ஜி. என்ற மூளை மின்னலைப் பதிவு, அது வலிப்புதான் என்று உறுதி செய்தது. (மருத்துவரின் கண்காணிப்பில் செய்யும் அந்த மூச்சுச் சோதனையை நாம் வகுப்பில் செய்து பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) அது ஆப்சன்ஸ் வகை வலிப்பு; பிள்ளை விழாமல், சில நொடிகள் நினைவு மட்டும் அறுந்துபோகும் வகை. அடுத்த வாரம் தாய் என்னைப் பார்க்க வந்தார். கோபப்படவில்லை. “டீச்சர், நீங்க குறிச்சு வெச்சதப் பார்த்துத்தான் டாக்டர் கண்டுபிடிச்சாரு” என்று நன்றி சொன்னார். அந்த நன்றி சுட்டதுபோல எந்த ஏச்சும் என்னைச் சுட்டதில்லை. என்ன நடந்தது, எந்த நாளில், எத்தனை முறை என்பதையெல்லாம் நான் சரியாகத்தான் பதிவு செய்திருக்கிறேன். சாட்சி சரி, நான் எழுதிய குற்றச்சாட்டுதான் தவறு.

வலிப்பு என்றதும் நம் மனத்தில் எழும் காட்சி ஒன்றே ஒன்றுதான்: கீழே விழுந்து, கைகால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளும் ஓர் உடல். ‘காக்காய் வலிப்பு’ என்ற வழக்கே ‘கால்-கை வலிப்பு’ என்பதன் திரிபு என்பார்கள். அந்தப் பெயரில் காலும் கையும் இருக்கின்றன. நோய் இருக்கும் மூளைதான் இல்லை. இந்த ஒற்றைக் காட்சியை வைத்துக்கொண்டு நாம் வகுப்பறையில் இரண்டு தவறுகளைச் செய்கிறோம். விழாமல் வலிப்பு வருகிற பிள்ளையைத் தண்டிக்கிறோம். விழுகிற பிள்ளையைப் பார்த்துப் பயந்து ஒதுக்குகிறோம், அல்லது பரிதாபப்பட்டு ஒதுக்குகிறோம். இருவருக்குமே பாடம் கிடைக்காமல் போகிறது.

வலிப்பு என்பது என்ன என்று மருத்துவம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. 1873ஆம் ஆண்டிலேயே ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர், மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் திடீரென்றும் அளவுமீறியும் நிகழும் பாய்ச்சலே வலிப்பு என்று விளக்கினார். மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்த முறையை ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்டார். 1935இல் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், ஆப்சன்ஸ் வலிப்பின்போது மூளையில் நொடிக்கு மூன்று என்ற கணக்கில் கூர்முனை அலைகள் எழுவதைக் காட்டினார்கள். வெறித்துப் பார்க்கிற பிள்ளையின் மூளையில் அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்பது தாளில் கோடாகப் பதிவாகி இத்தனை காலம் ஆகிவிட்டது. ஆனாலும் என் பயிற்சிக் காலத்தில் எவரும் அதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. என் தோழிகளிடம் கேட்டால் அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். பல நாடுகளில் ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வுகளிலும் இதே குறை திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது.

ஆகவே, விழாத வலிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஆப்சன்ஸ் வலிப்பு பெரும்பாலும் நான்கு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில், அதாவது நம்மிடம் எழுத்துப் படிக்க வருகிற வயதில், தொடங்குகிறது. ஒவ்வொன்றும் சில நொடிகளே நீடிக்கும். ஆனால் ஒரே நாளில் பத்து முறை, ஐம்பது முறை, சில பிள்ளைகளுக்கு அதற்கும் மேலே வரக்கூடும். வந்துபோனது அந்தப் பிள்ளைக்கே தெரியாது. கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுநடுவே சில நொடிகள் காதைப் பொத்திவிட்டால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் அந்தப் பிள்ளைக்குப் பாடம் போய்ச் சேர்கிறது. கணக்கில் மூன்றாவது படியைக் கேட்காத பிள்ளை ஐந்தாவது படியில் விழிக்கும். நாம் ‘இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய்?’ என்று கேட்போம். அதற்குப் பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருக்கும்.

பகற்கனவு காணும் பிள்ளையையும் இந்தப் பிள்ளையையும் பிரித்தறிய வழியிருக்கிறது. கனவு காணும் பிள்ளைக்குப் பாடம் சலிக்கும்போதுதான் பார்வை சன்னலுக்குப் போகும். தோளைத் தொட்டால் திடுக்கிட்டுத் திரும்பும். ஆப்சன்ஸ் வலிப்போ பிள்ளை தானே பேசிக்கொண்டிருக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும்போது, பிடித்த பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போதும் வரும். சொல் பாதியில் நிற்கும். தொட்டாலும் பெயரைச் சொல்லி அழைத்தாலும் அந்தச் சில நொடிகளுக்குப் பதில் இருக்காது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். இதைக் கவனித்து, நேரத்தையும் நிகழ்ந்ததையும் குறித்து, பெற்றோரிடம் ஒப்படைப்பது நம் வேலை. நோய்க்குப் பெயர் வைப்பது நம் வேலையில்லை. அது மருத்துவருக்கு உரியது. வலிப்பு இல்லாத நேரத்தில் எடுக்கும் இ.இ.ஜி. சில வேளைகளில் இயல்பாகவே இருந்துவிடும் என்பதால், நேரில் கண்டவர் சொல்லும் விவரத்துக்கு மருத்துவர்கள் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறார்கள். பள்ளி நாளில் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் ஒரு பெரிய பகுதி அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஆசிரியர்தானே?

இன்னொரு வகை, மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்கும் வலிப்பு. பிள்ளை எழுந்து நடக்கும், உதட்டைச் சப்புக்கொட்டும், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கும், கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாமல் ஏதாவது முணுமுணுக்கும். ஓரிரு நிமிடம் கழித்துத் தெளிந்தாலும் சற்று நேரம் குழம்பியே இருக்கும். அப்போது ‘உட்கார்’ என்று கையைப் பிடித்து இழுத்தால் உதறித் தள்ளக்கூடும். ஆசிரியரை அடித்தான் என்ற புகார் அங்கேதான் பிறக்கிறது. வளரிளம் பருவத்தில் தொடங்கும் வேறொரு வகையில், காலையில் எழுந்த சிறிது நேரத்துக்குள் கைகள் சட்டென்று வெட்டும். பல்துலக்கியும் தட்டும் கையிலிருந்து தெறிக்கும். தூக்கம் கெட்டால் இது கூடும். தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழித்துப் படிக்கச் சொல்லி நாம் கொடுக்கும் ஊக்கம், அந்தப் பிள்ளைக்குத் தேர்வு நாளில் பெரிய வலிப்பாகத் திரும்பி வரலாம்.

விழுகிற பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டியது அளவில் குறைவு. ஆனால் ஒன்றும் பிசகக் கூடாது. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். இடிக்கக்கூடிய மேசை நாற்காலிகளை விலக்கி, தலைக்குக் கீழே மென்மையான எதையாவது வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். முடிந்தவுடன் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வடிந்து மூச்சுப் பாதை அடைபடாமல் இருக்க அதுவே வழி. கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். பிடிப்பதால் வலிப்பு நிற்காது, தசையோ எலும்போதான் காயப்படும். வாயிலும் கையிலும் எதையும் திணிக்க வேண்டாம். நாக்கை விழுங்கிவிடும் என்ற அச்சத்தில் கரண்டியைச் செருகுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாக்கை எவராலும் விழுங்க முடியாது, ஆனால் கரண்டியால் உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போக முடியும். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீரும் மாத்திரையும் கொடுக்கக் கூடாது. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே அடங்கிவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், ஒன்று முடிந்து தெளியும் முன்பே அடுத்தது வந்தால், காயம் பட்டிருந்தால், மூச்சு சீராகாவிட்டால், தண்ணீருக்குள் நிகழ்ந்திருந்தால், அல்லது அந்தப் பிள்ளைக்கு இதுவே முதல்முறை என்றால், உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். சில பிள்ளைகளுக்குக் கன்னத்தின் உட்புறமோ மூக்கிலோ செலுத்தும் அவசர மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பார். அதை எப்போது, எப்படிக் கொடுப்பது என்பதைப் பள்ளியில் இருவராவது முன்கூட்டியே கற்றிருக்க வேண்டும்.

அந்த நிமிடங்களில் வகுப்பில் இருக்கும் மற்ற நாற்பது பிள்ளைகள் தோழனைப் பார்ப்பதில்லை. ஆசிரியரின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நாம் அலறினால் அது பயப்பட வேண்டிய நோய் என்று படிக்கிறார்கள். முகத்தைச் சுளித்தால் அருவருக்க வேண்டிய நோய் என்று படிக்கிறார்கள். வலிப்பின்போது சிறுநீர் பிரிவதுண்டு. மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டு, மற்றவர்களை வெளியே அனுப்பிவைக்கிற ஆசிரியர் ஒருவர் இருந்துவிட்டால், மறுநாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரும். இல்லையென்றால் ஏன் வரவில்லை என்று நாம் வருகைப் பதிவேட்டைப் பார்த்து வியந்துகொண்டிருப்போம்.

மனப்பான்மை என்று நான் சொல்வது இதைத்தான். தொற்றுநோய் என்றோ தீய ஆவி என்றோ நம்பும் ஆசிரியர்கள் இன்று குறைவு. நம்பினாலும் வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். இது கடவுள் அனுப்பிய நோயுமல்ல, மற்ற நோய்களைப் போல உடலில் காரணம் உள்ள நோய்தான் என்று கிரேக்க மருத்துவர்கள் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள். என் கவலையெல்லாம் நல்ல மனத்தோடு செய்யப்படும் காரியங்களைப் பற்றியது. ‘பாவம், அவளைக் கேள்வி கேட்காதே’, ‘விளையாட்டு நேரத்தில் அவன் நிழலில் உட்காரட்டும்’, ‘சுற்றுலாவுக்கு வேண்டாம், வழியில் ஏதாவது ஆகிவிட்டால்?’, ‘தேர்ச்சி பெற்றாலே போதும்’. ஒவ்வொன்றும் தனித்தனியே கேட்டால் அன்பாகத்தான் ஒலிக்கிறது. ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து கேட்கிற பிள்ளை, தன்னிடம் எவரும் எதையும் எதிர்பார்க்கவில்லை என்ற ஒரே பாடத்தைத்தான் அதிலிருந்து கற்றுக்கொள்கிறது.

வலிப்பு நோயுள்ள பிள்ளைகளில் மிகப் பலர் மற்றவர்களுக்கு இணையான அறிவுத்திறன் உள்ளவர்கள். சிலருக்குக் கற்றலில் இடர்ப்பாடு இருப்பதும் உண்மை. வலிப்புக்குக் காரணமான மூளைப் பாதிப்பே நினைவாற்றலைத் தொடலாம். இரவில் உறக்கத்தில் வந்த வலிப்பு காலை வகுப்பைக் கெடுக்கலாம். மருந்தே சிலருக்குத் தூக்கத்தையும் சிலருக்கு எரிச்சலையும் சிலருக்குச் சொல் தேடும் தடுமாற்றத்தையும் கொடுக்கலாம். சென்ற மாதம்வரை நன்றாக எழுதிய பையன் இந்த மாதம் மந்தமாகிவிட்டான் என்றால், திட்டுவதற்கு முன் மருந்து மாறியதா, அளவு கூடியதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். உங்களுடைய அந்த ஒரு குறிப்பை வைத்து மருத்துவர் மருந்தையே மாற்றியமைக்கக்கூடும். ‘வலிப்புக்காரப் பையன், இவ்வளவுதான் வரும்’ என்று முடிவு கட்டிவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே தோன்றாது. அந்த முடிவுதான் மெத்தனம். அதைப் பரிவு என்று அழைப்பதை நான் ஏற்கவில்லை.

விளையாட்டிலும் அப்படியே. நீச்சலின்போது அந்தப் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். உயரத்தில் ஏறும் விளையாட்டுகளில் எச்சரிக்கை வேண்டும். மற்ற பெரும்பாலான விளையாட்டுகளில் மருத்துவரின் ஒப்புதலோடு தாராளமாகச் சேர்க்கலாம். மின்னும் ஒளியால் எல்லாருக்கும் வலிப்பு வரும் என்று எண்ணிக் கணினி அறைக்கே அனுப்பாத பள்ளிகள் உண்டு. வலிப்பு நோயுள்ளவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு மூவருக்குத்தான் ஒளியால் தூண்டப்படும் வகை இருக்கிறது. அந்த மூவரில் ஒருவரா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே!

பெற்றோர்கள் மறைக்கிறார்கள் என்பது நம்மில் பலரின் குறை. சேர்க்கைப் படிவத்தில் ‘நோய் ஏதுமில்லை’ என்று எழுதிவிட்டு, வகுப்பில் விழுந்த பிறகுதான் உண்மையைச் சொல்கிறார்கள் என்று நானும் சலித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் உண்மையை எழுதிய பெற்றோருக்கு நாம் என்ன செய்தோம் என்று எண்ணிப் பார்க்கிறேன். இடமில்லை என்றோம், சிறப்புப் பள்ளிக்குப் போகச் சொன்னோம், ‘நின்ற பிறகு அழைத்து வாருங்கள்’ என்றோம், ஆசிரியர் அறையில் உரக்கப் பேசி மறுநாளே எல்லாருக்கும் தெரியும்படி செய்தோம். பெண்பிள்ளை என்றால் இன்னும் அஞ்சுகிறார்கள். இன்று வகுப்பில் பரவும் பேச்சு நாளை அவளுடைய திருமணம்வரை தொடரும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. படிவத்தில் உண்மையை எழுதினால் நன்மைதான் நடக்கும் என்று அவர்கள் நம்பும்படி நாம் முதலில் நடந்துகொள்ள வேண்டும்.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்த நோயோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உரிய முறையில் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர்வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்பதும் அந்நிறுவனத்தின் கணக்கு. ‘கண்டறிந்து’ என்ற சொல்லுக்குள்தான் ஆசிரியராகிய நாம் இருக்கிறோம்.

பாடத்திட்டத்தை வகுப்பவர்களிடம் என் வேண்டுகோள் பெரிதொன்றுமில்லை. பிப்ரவரி மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை 2015 முதல் பன்னாட்டு வலிப்பு நோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று சுவரொட்டி வரைவதோடும் உறுதிமொழி எடுப்பதோடும் கடமையை முடித்துக்கொள்ள வேண்டாம். ஆசிரியர் பயிற்சியில் ஓர் அரை நாளை இதற்கென ஒதுக்குங்கள். அதில் மருத்துவச் சொற்பொழிவு கால்மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மீதி நேரத்தில் பலவகை வலிப்புகளின் காணொளிகளைக் காட்டுங்கள். ஆப்சன்ஸ் வலிப்பை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் பிறகு எளிதில் தவறவிட மாட்டார். ஒருக்களித்துப் படுக்க வைப்பதை ஒவ்வொருவரையும் தரையில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வலிப்பு நோயோடு பள்ளிப்படிப்பை முடித்த ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட மாணவரோடு பழகிய ஆசிரியர்களுக்கே அச்சம் குறைவாக இருக்கிறது என்பதை நான் நேரிலும் கண்டிருக்கிறேன். பணியில் இருப்பவர்களுக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இது திரும்ப வேண்டும், ஏனெனில் கற்றது மறக்கும்.

பள்ளித் தலைமையிடம் கேட்பது ஒரே ஒரு தாள். வலிப்பு நோயுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும், வலிப்பு எப்படித் தொடங்கும், வழக்கமாக எவ்வளவு நேரம் நீடிக்கும், எது தூண்டும், எப்போது ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டும், தெளிந்த பின் எவ்வளவு நேரம் உறங்கவிட வேண்டும் என்பவற்றைப் பெற்றோரும் மருத்துவரும் சேர்ந்து எழுதித் தரட்டும். அது அந்தப் பிள்ளைக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களின் கைக்கு மட்டும் போகட்டும். அறிவிப்புப் பலகைக்குப் போக வேண்டாம். வகுப்புத் தோழர்களுக்குச் சொல்வதா, எவ்வளவு சொல்வது என்பதை அந்தப் பிள்ளையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். தேர்வு நாளில் வலிப்பு வந்தால் மறுதேர்வு உண்டு என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிட்டால், தேர்வுக்கு முந்தைய இரவு அந்தப் பிள்ளை சற்று நிம்மதியாக உறங்கும்.

வகுப்பாசிரியர்களிடம் நான் கேட்பது, உங்கள் மேசையில் திருத்துவதற்காக அடுக்கியிருக்கும் ஏடுகளை. சொல்வதை எழுதிய பக்கங்களில், எளிய சொற்கள் காணாமல் போன இடங்களும் சறுக்கிய பென்சில் கோடுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் வட்டமிடுங்கள், தேதி போடுங்கள். ஓரத்தில் எதையும் எழுதாமல் பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை